முகூர்த்தத்துக்கு என் கை ஆகாதா?

சாமி, இதைப் படிக்கும்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் படி. ஆபீசில் இருந்தால் கதவைச் சாத்திக்கொள். போனில் பேசிவிடலாம் என்றுதான் பார்த்தேன். நான் உன் மகள் கிருத்திகாவின் கல்யாண அலங்காரப் பேச்சை எடுத்தாலே நீ, “அம்மா, டிரைவர் லைன்ல வாரான், அப்பறமாக் கூப்புடறேன்” என்கிறாய். அந்த அப்புறம் வரவே மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸ் படித்தவளுக்கு இவ்வளவு எழுத வருமா என்று உன் பெண்டாட்டி சுமதி சிரிப்பாள். என் பார்லர் கடையில் காத்திருக்கிறவர்களுக்காக வாரப் பத்திரிகை வாங்கிப் போடுவேன். வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். நான் எழுத்து விடாமல் படித்துவிடுவேன். என் படிப்பில் பாதி அப்படி வந்ததுதான்.

அன்றைக்கு நாமக்கல்லில் உன் வீட்டுக் கூடத்தில் முகூர்த்தப் பட்டை விரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். நீயும் இருந்தாய். ஆனாலும் உனக்குக் காதில் விழுந்ததும் எனக்குக் காதில் விழுந்ததும் ஒன்றுதானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உங்கப்பாவின் அக்கா, உன் பெரியத்தை, முந்தானையைத் தடவிப் பார்த்துவிட்டு, “பொடவைக்குத் தக்கன அலங்காரத்துக்கு நல்ல ஆளா வெச்சரோணும்” என்றாள். கிருத்திகா உடனே, “அதுக்கெதுக்கு ஆளு? அதான் அப்பத்தா இருக்குதல்ல?” என்றாள். உன் பெரியத்தை அவள் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “ரிசப்சனுக்கு உங்கப்பத்தா பண்ணட்டுங் கண்ணு. முகூர்த்தத்துக்கு ஆவாது. தாலி ஏறுற நேரத்துல மொகத்துல கை வெக்கறவ சுமங்கலியா இருக்கோணும்.” அப்புறம் என் பக்கம் திரும்பி, “நீ தப்பா நெனைச்சுக்காத அம்மணி” என்றாள். “தப்பா நெனைக்கலீங்க நங்கையா” என்றேன் நான். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ செல்போனைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே, “சேலத்துல ஒரு பொண்ணு நல்லாப் பண்ணுதாம், போட்டோவெல்லாம் பாத்தேன். அதையே சொல்லிரலாம். அம்மாவும் ரெஸ்ட் எடுத்துக்கட்டும்” என்றாய்.

ரெஸ்ட். நான் உன்னிடம் ரெஸ்ட் கேட்டேனா, சாமி?

உன் பெரியத்தை சொன்னது எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வாயைத் திறந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நீ சொன்னதுதான் சேலை மடிப்புக்குள் போன ஊக்கு மாதிரி இன்னும் எங்கேயோ குத்திக்கொண்டிருக்கிறது. நீ கெட்டவன் இல்லை. யார் மனமும் கோணக் கூடாது என்று நினைக்கிறவன். சின்ன வயதிலும் அப்படித்தான், இரண்டு பேர் சண்டை போட்டால் நீ வெளியே போய் செருப்பைத் துடைத்துக்கொண்டிருப்பாய். லாரி ஆபீஸ் நடத்துகிறவனுக்கு அந்தக் குணம் நல்லதுதான். பெண்ணைப் பெற்றவனுக்கு அது போதாது.

உன் பெரியத்தையைப் பற்றி நீ மறந்திருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அவளால்தான். அப்போது நாம் இங்கே, நாமக்கல் பக்கத்து வேலூரில், வெற்றிலை மண்டிக்குப் பின்சந்தில் குடியிருந்தோம். உங்கப்பா லாரியில் போனால் ஊர் திரும்ப வாரக்கணக்காகும். நான் வீட்டில் சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது, வீட்டில் யார்தான் சும்மா இருக்கிறார்கள். ஆனால் கை நமநம என்று இருந்தது. கரூரில் ஓர் அம்மா பியூட்டி பார்லர் வைத்து, வருகிற பெண்களுக்குக் கற்றும் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு, உங்கப்பாவிடம் கேட்டேன். “போயிக் கத்துக்கிட்டு வா, அக்கரைக்குப் பாலந்தாண்டுனா கரூரு” என்று சொல்லிவிட்டு அவர் லோடு ஏற்றப் போய்விட்டார். உங்கப்பாவைப் பெற்றவள்தான் குதித்தாள்.

“மொகத்துல நூல உட்டு முடி புடுங்கறது ஒரு பொழப்பா? எம் மவன் லோடு ஏத்தறான், அவம் பொண்டாட்டி முடி எறக்கறாளாமா!”

தெருவே கேட்டுச் சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதற்கும் திட்டு வாங்கினேன். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த உன் பெரியத்தைதான் வந்து, “அவ போயிட்டு வரட்டு உடும்மா. பையன நாம் பாத்துக்கறேன்” என்றாள். சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். நான் காலையில் கரூர் பஸ் ஏறினால் நீ அவள் வீட்டில்தான். அவள் மகள் சாந்தியும் நீயும் ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்தீர்கள். நான் கற்று முடித்துக் கடை போட்ட பிறகு உங்கப்பத்தாவும் ஒரு நாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்கு மாடியேறி வந்தாள். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “ஒதட்டுக்கு மேல நாலு முடி கெடக்குது, எடுத்துரு. ஆருகிட்டயுஞ் சொல்லீராத” என்றாள். அவள் இருக்கிறவரைக்கும் சொல்லவில்லை. இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன்.

கல்யாண அலங்காரம் எனக்குச் சீக்கிரமே கை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் வேலூர்ப் பக்கம் பெண்ணுக்கு மேக்கப் என்றால் பவுடரை அள்ளி அப்பி, கோலமாவு டப்பாவில் விழுந்து எழுந்தது போல மணவறையில் உட்காரவைப்பதுதான். நான் கழுத்தின் நிறம் பார்த்து முகத்துக்குப் போட்டேன். ஓமப் புகையிலும் அழுகையிலும் கரையாத மை வைத்தேன். சேலை மடிப்பைப் பெண் உட்கார்ந்து எழுந்தாலும் நிற்கிற மாதிரி ஊக்குப் போட்டேன். ஒரு கல்யாணத்தில் பார்த்தவர்கள் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆனால் வேலையைப் பார்த்துக் கூப்பிட்டதைவிட, வேறொன்றைப் பார்த்துத்தான் அதிகம் பேர் கூப்பிட்டார்கள். பெண்ணைப் பெற்றவள் கடைக்குள் வந்ததும் முதலில் என் கழுத்தைப் பார்ப்பாள். அப்புறம், “ஏனுங்க்கா, ஊட்டுக்காரரு நல்லா இருக்கறாருங்களா? பையன் எத்தனாவது படிக்கறானுங்?” என்று கேட்பாள். கேட்டுவிட்டுத்தான் தேதியைச் சொல்வாள்.

உங்கப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. அவர் இருக்கிறதால்தான் எனக்குத் தொழில் நடக்கிறது என்று நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவரைக் கூட்டிவந்து நம் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னார்: ராசியான கைகளால் மணப்பெண் அலங்காரம். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அந்த வரியைப் பார்த்துத்தான் ஜேடர்பாளையத்திலிருந்தும் கபிலர்மலையிலிருந்தும் ஆள் வந்தார்கள். நான் இரவு பகலாகக் கற்றுக்கொண்ட வேலையை விட்டுவிட்டு, உங்கப்பா உயிரோடு இருப்பதைப் போர்டில் எழுதிப் பிழைத்தோம் என்று அப்போது தோன்றவில்லை. நீயும் கேட்டுக்கொள். நீ உழைத்துச் சேர்க்காத எதையும் உன் போர்டில் எழுதிவைக்காதே. அது போகிற அன்றைக்கு உழைத்துச் சேர்த்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

உங்கப்பா போனபோது அப்படித்தான் போனது. துக்கம் கேட்க வந்த பெண்களில் பாதிப் பேர் என் கையால் அலங்காரம் ஆனவர்கள். கட்டிக்கொண்டு அழுதார்கள், பொய் அழுகை இல்லை. அப்புறம் ஒவ்வொருத்தராகப் போன் வந்தது. “அக்கா, தேதி தள்ளிப் போயிருச்சுங்க.” “அக்கா, மாப்பள ஊட்டுல அவிங்களே ஆளு ஏற்பாடு பண்ணிட்டாங்களாமாங்க.” தள்ளிப்போன கல்யாணத்து மேளம் அதே தேதியில் நம் தெரு வழியாகப் போனதை ஜன்னலில் நின்று கேட்டேன். புருவம் திருத்தவும் பேஷியலுக்கும் வந்தார்கள், முடிக்குச் சாயம் பூச வந்தார்கள். கல்யாணப் பெண் மட்டும் வரவில்லை. நான் ஒருத்தரிடமும் சண்டைக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? ராசியான கை என்று எழுதியது நாம்தானே. ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறி அந்த வரி மேல் நானே பெயின்ட் அடித்தேன். கீழே வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், “அக்கா, ஆள உட்டாப் பத்தாதுங்களா, உழுந்துறாதீங்க” என்று சத்தம் போட்டார்கள். உங்கப்பா எழுதவைத்ததை வேறு ஆள் அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

மறுபடியும் என் கடைக்கு வந்த முதல் கல்யாணப் பெண், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற ஒருத்தியின் மகள். அம்மாவும் மகளுமாக வந்து வாசலிலேயே நின்றார்கள். அம்மாவின் நெற்றியும் கழுத்தும் வெறிச்சென்று இருந்தன. எனக்குப் புரிந்தது. நானே முந்திக்கொண்டு, “எனக்கு ஊட்டுக்காரரு இல்லீங்க, தெரியுமில்லீங்களா?” என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

“எனக்குந்தான் இல்லீங். இவளப் பெத்து, கழுவி, சோறூட்டி, சீக்குல கெடந்தப்பத் தூக்கித் திரிஞ்சது அத்தனையும் இந்தக் கைதானுங். அப்பவெல்லாம் ஒன்னும் ஆவுல. நீங்க பொட்டு வெச்சாத்தான் ஆயிரப் போவுதுங்களா?”

மகளை நாற்காலியில் உட்காரவைத்து முகத்தைத் துடைத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு நான் போட்ட அலங்காரம் போல அதற்கு முன்னும் பின்னும் போட்டதில்லை. அன்றைக்கு மண்டபத்துக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள், அப்புறம் பலர் கேட்டார்கள். என் கழுத்தைப் பார்க்கிறதை ஊர் மெல்ல மெல்ல விட்டுவிட்டது. இப்போது யூடியூப் பார்த்துப் புது மேக்கப்பும் கற்றுக்கொண்டேன், கண்ணுக்குக் கண்ணாடி வந்துவிட்டதே தவிரக் கை நடுங்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு நான் வேலைக்காரி, வேலை சுத்தமாக இருந்தால் போதும். சொந்தக்காரர்களுக்குத்தான் நான் இன்னும் தாலி இல்லாதவள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் என்னைப் பின்வரிசைக்குக் கூட்டிப்போய், மின்விசிறிக்கு அடியில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காரவைப்பார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. நானும் இத்தனை நாள் போய் உட்கார்ந்தேன். அவர்கள் பெண், அவர்கள் முறை என்று இருந்துவிட்டேன். கிருத்திகா அடுத்தவர் வீட்டுப் பெண் இல்லை, என் மகனுக்குப் பெண். அவளைப் பிறந்த அன்றைக்கு வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டியது யார் என்று சுமதியைக் கேள்.

இப்போது சாந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, உன் பெரியத்தைக்கு மட்டும் காட்டாதே என்று சொல்வது இந்தப் பகுதிக்காகத்தான். சாந்தி கல்யாணத்துக்கு அலங்காரம் செய்தது நான். உங்கப்பா அப்போது குத்துக்கல் மாதிரி இருந்தார். உன் பெரியத்தை கரூரிலிருந்து வேறு ஆள் வைக்கலாம் என்று சொன்னவர்களிடம், “எந் தம்பி பொண்டாட்டி கைதான் வேணும், அது ராசியான கை” என்று பிடிவாதமாக நின்றாள். சீர் செய்கிற அருமைக்காரர் வைத்து, ஒரு சீர் விடாமல், ஒரு நேரம் தப்பாமல் நடந்த கல்யாணம். அந்தப் பிள்ளையின் கழுத்தில் தாலி நிலைக்கவில்லை. மாப்பிள்ளை ரோட்டில் அடிபட்டுப் போய்ச்சேர்ந்தார். கைக்குழந்தையோடு அவள் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

இது உனக்கும் தெரியும். பெரியத்தையை மடக்குவதற்கு இதைவிட நல்ல வார்த்தை கிடைக்காது என்று உனக்குத் தோன்றும். எனக்கும் அன்றைக்கு உன் கூடத்தில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். நீயும் விழுங்கிவிடு, சாமி. அதைச் சொன்னால் நீ ஜெயித்துவிடுவாய், அவள் அந்த இடத்திலேயே உடைந்துபோவாள். அவளுக்கு என் மேல் வெறுப்பு இல்லை, பயம். அவ்வளவு முறையாகச் செய்தும் இப்படி ஆயிற்றே, இனி ஒரு நூல் பிசகினாலும் என்ன ஆகுமோ என்று பயந்து கிடக்கிறாள். பயந்தவளிடம் மூடநம்பிக்கை என்றெல்லாம் படித்த பேச்சுப் பேசாதே.

சாந்தியை நான்தான் போய்க் கடைக்குக் கூட்டிவந்தேன். “கல்யாணப் பொண்ணுங்க வந்து போற எடத்துல அவ எதுக்கு?” என்று உன் பெரியத்தை தடுத்தாள். “கூட்டிப் பெருக்கறதுக்கு ஆளு வேணும், அனுப்புங்க” என்று பொய் சொல்லி அழைத்துவந்தேன். அவள் ஒரு நாளும் கூட்டவில்லை. பட்டுச்சேலைக்கு மடிப்பு வைத்துக் கட்டிவிடுவதில் இப்போது என்னை மிஞ்சிவிட்டாள். சில பெண்கள் மேக்கப்புக்கு என்னிடம் வருவதில்லை, சேலைக்குச் சாந்தியிடம் வருகிறார்கள். மகளைக் கல்லூரியில் படிக்க வைக்கிறாள். கடையில் அவள் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். ஒரு நாள் ஒரு பெண் நேரமாகிறது என்று பறந்தபோது, “ஏம்மா குதிக்கற, மாப்பள எங்கயும் போவ மாட்டாரு, இந்த மடிப்பு உட்டாப் போயிரும்” என்றாள். அவ்வளவு வாய். ஆனால் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். அந்தத் தலைவலியை யாரும் ஏன் என்று கேட்டதில்லை, எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. உன் மகள் கல்யாணத்துக்கும் வரப்போகிறது. “என்னமோ அந்த வாரம் எனக்கு மேலுக்கு முடியாதுன்னு தோணுதுங்க அத்தை” என்று இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

நீ பட்டுச்சேலை எடுத்துவந்த மறு ஞாயிறு கிருத்திகா வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கடைக்கு வந்தாள். உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, “அப்பத்தா, நீ பண்ணுலீன்னா நான் மொகங்கழுவிக்கிட்டு அப்படியே போயி ஒக்காந்துக்குவேன்” என்றாள்.

“உங்கொப்பன் மானம் போயிரும்.”

“போவட்டு.”

“உங்கொப்பங்கிட்டப் பேசுனயா?”

“பேசுனேன். பெரியவங்க மனசு கோணக் கூடாதுங்கறாரு.”

“அப்ப நாஞ் சின்னவளா?” என்றேன். சாந்தி சிரித்த சிரிப்பில் ஊக்கு டப்பா கீழே கொட்டிவிட்டது. மூன்று பேரும் குனிந்து பொறுக்கினோம். பொறுக்கிக்கொண்டே கிருத்திகா ஒரு யோசனை சொன்னாள். மண்டபத்துக்குப் போவதற்கு முன்பு விடியற்காலையில் கடைக்கு வந்துவிடுகிறேன், நீயும் சாந்தி அத்தையும் எல்லாம் முடித்துவிடுங்கள், சேலத்துப் பெண் செய்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம், ஒருத்தருக்கும் தெரியாது என்றாள். சாந்தி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஆசை வந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது. நான் மாட்டேன் என்றுவிட்டேன். ஒளிந்துகொண்டு செய்வதற்கு இது என்ன களவா? என் வேலைக்கு என் பெயர் வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளை தன் கல்யாணத்தன்றே, வீட்டில் சமாதானமாக இருக்க வேண்டுமென்றால் பொய் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொண்டு போகக் கூடாது. “உங்கொப்பன் வாயால சொல்லட்டும், நான் பண்றேன்” என்று அனுப்பிவைத்தேன்.

நானே உன் பெரியத்தையிடம் கேட்டால் என்ன என்று நினைப்பாய். கேட்டால் அவள் என்னிடம் மாட்டேன் என்று சொல்லவும் முடியாமல், சரி என்று சொல்லவும் முடியாமல் தவிப்பாள். சுற்றியிருப்பவர்கள், இந்த வயதில் இவளுக்கு இதில் என்ன ஆசை என்பார்கள். பெண்ணின் அப்பன் நீ. உன் மகளின் முகத்தில் யார் கை படலாம் என்று சொல்ல உனக்குத்தான் வாய் இருக்கிறது. இதில் இன்னொன்றும் இருக்கிறது, சொல்வதற்கு எனக்கே கூசுகிறது. நீயும் ராத்திரி பகல் பாராமல் ரோட்டில் திரிகிறவன். நீ நூறு வயது இருக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, உனக்கு முன்னால் சுமதி போவாள் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? நாளைக்குக் கிருத்திகாவின் பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்கிறபோது, சுமதியை அந்த மின்விசிறிக்கு அடியில் உட்காரவைக்கச் சம்மதமா உனக்கு? இன்றைக்கு நீ எனக்குப் போடுகிற நாற்காலியில்தான் நாளைக்கு உன் பெண்டாட்டி உட்காருவாள்.

பேசுவதாக இருந்தால் எப்படிப் பேச வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். போனில் பேசாதே. வேலூருக்கு வா. நேரே பெரியத்தை வீட்டுக்குப் போ, என் வீட்டுக்கு வர வேண்டாம், நான் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன் என்று ஆகிவிடும். அவள் சாப்பிடச் சொன்னால் சாப்பிடு. அவள் வைக்கிற ரசம் உனக்குப் பிடிக்கும் என்பது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சாப்பிட்டு முடித்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முகூர்த்தத்துக்கு அம்மா அலங்காரம் செய்யட்டும், சாந்தி சேலை கட்டிவிடட்டும் என்று சொல். இரண்டையும் சேர்த்துச் சொல். எனக்கு மட்டும் கேட்டால் அவள் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்வாள், சாந்தியை விட்டுவிடுவாள். தன் மகளுக்காக அவளால் வாய் திறந்து கேட்க முடியாது. தம்பி மகன் கேட்டால், அவள் அழுவாள். அழட்டும், அழுது முடிகிறவரை எழுந்து வராதே. செருப்பைத் துடைக்கப் போய்விடாதே.

சேலத்துப் பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. பாவம், அதுவும் தன் கையை நம்பிப் பிழைக்கிறது. ரிசப்சனுக்கு அது செய்யட்டும். அந்த மினுமினுப்பெல்லாம் அதற்குத்தான் வரும், எனக்கு வராது. முகூர்த்தத்துக்கு நான் கிருத்திகாவை வெள்ளையாக்க மாட்டேன். அவள் நிறம் உங்கப்பா நிறம். இடது கண்ணுக்குக் கீழே இருக்கிற மச்சத்தை மறைக்க மாட்டேன். தாரை வார்க்கும்போது அவள் உன்னைப் பார்த்து அழுவாள், எனக்குத் தெரியும். அதற்குத் தக்க மையாகப் பார்த்து வாங்கிவைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதே, நடந்ததைச் சொல்கிறேன். உன் மகள் முகூர்த்தம் நல்ல முகூர்த்தம், அன்றைக்கு ஊரெல்லாம் கல்யாணம். முந்தாநாள் ஜேடர்பாளையத்திலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்தார், வாழைத் தோட்டக்காரர். மனைவியை அனுப்பாமல் அவரே மாடியேறி வந்து, பெண்கள் இருக்கிற இடமாயிற்றே என்று வாசலிலேயே துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “எம் புள்ள முகூர்த்தத்துக்கு நீங்கதானுங்க வரோணும். எங்கூட்ல எல்லார்த்துகிட்டயும் நாஞ் சொல்லிப்போட்டனுங்” என்றார். அதே நாள், அதே நேரம். என் பேத்தி கல்யாணமும் அன்றைக்குத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், அப்படியானால் உங்கள் பேத்திக்கு நீங்கள்தானே செய்வீர்கள் என்று கேட்டிருப்பார். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

நீ பேசிவிட்டால் அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டு வேறு ஆளைக் காட்டிவிடுவேன். நீ பேசாவிட்டால், அன்றைக்கு விடியற்காலையில் நானும் சாந்தியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜேடர்பாளையம் பஸ் ஏறுவோம். அந்தப் பெண்ணுக்குத் தாலி ஏறியதைப் பார்த்துவிட்டு, நாமக்கல்லுக்கு வந்து என் பேத்தியை வயிறார வாழ்த்துவேன். முகம் வாடியிருக்க மாட்டேன், உன் பெரியத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவேன். ஆனால் கிருத்திகாவுக்குத் தாலி ஏறுகிற நேரத்தில் கையைச் சும்மா வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த மனுசன் மறுபடியும் மாடியேறி வருவார். அவரிடம் நான் என்ன சொல்லட்டும், சாமி?